இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னப் பாய்மரப் படகின் நிகழ்வு ஆய்வு

படகு ஐந்தரை மீட்டர் நீளம், ஃபைபர் உடல். முன்முனையிலிருந்து பாய்மரம் வரை தளம் மூடியிருக்கும், அதற்குப் பின்னால் எல்லாம் திறந்தவெளி, கேபின் கிடையாது. நண்பருடைய படகு. அவர் சுக்கான் பிடிப்பார், அவர் மனைவி பாய்க்கயிறுகளைப் பார்த்துக்கொள்வார், மகள் முன்னால் பாய்மரத்தை ஒட்டி, காற்று அடிக்கும் பக்கத்தில் உட்காருவாள். காற்று 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தைத் தாண்டியதும், அதை எதிர்த்து ஏறும்போது, அந்தப் பெண் தலையோடு நனைந்துவிடுவாள். அம்மா பாதி நனைவார். அப்பாவுக்கு அவ்வப்போது முகத்தில் ஒரு அறை, அவ்வளவுதான். "இனிமே நான் வரல" என்று மகள் கறாராகச் சொன்ன பிறகுதான் விஷயம் என்னிடம் வந்தது. நல்ல மழைக்கோட்டாக ஒன்று சொல்லுங்கள் என்பதுதான் கேள்வி.

கோட்டுப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்றேன். கோட்டு போட்டாலும் தண்ணீர் வந்து அடிக்கத்தான் போகிறது, முகத்திலும் கழுத்திலும் கையிலும் அடிக்கிறதை அது ஒன்றும் செய்யாது. முதலில் தண்ணீர் எங்கே கிளம்புகிறது, எந்த வழியாகப் படகுக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காற்றை எதிர்த்துப் போகும்போது மட்டும் ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்று 15 நாட், படகு அதற்கு 45 டிகிரியில் 5 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் இருப்பவர் மேல் படும் காற்று ஏறக்குறைய 19 நாட், அதுவும் 34 டிகிரிக்கு வந்துவிடும், அதாவது இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து அடிக்கும். அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் போனால் உணர்வது 10 நாட்தான். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஆகவே துளியைப் பின்னால் தள்ளும் விசை மூன்றரை மடங்கு கூடுகிறது. அப்புறம் அலை. இரண்டு நொடிக்கு ஒன்றாக வரும் சின்ன அலைக்கு ஆழமான தண்ணீரில் நீளம் சுமார் 6 மீட்டர், கிட்டத்தட்ட இந்தப் படகின் நீளம். முன்முனை ஒன்றிலிருந்து இறங்கும்போதே அடுத்தது எதிரில் வந்து நிற்கும். அலையே 6 நாட் வேகத்தில் வருகிறது, படகும் அதை நோக்கிப் போகிறது, அதனால் ஒன்றரை நொடிக்குள் ஒரு மோதல். பெரிய கடல் அலையில் நனையாத படகு, குறுகலான ஏரி அலையில் தொப்பலாக நனைவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு, தோராயமானது. மோதலில் ஒரு துளி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்பினால், 80 செ.மீ. உயரம் போய் 0.8 நொடியில் கிளம்பிய மட்டத்துக்கே திரும்பிவிடும். அந்த நேரத்துக்குள் 5 நாட் படகு 2 மீட்டர் முன்னேறியிருக்கும், காற்றும் துளியைப் பின்னால் தள்ளியிருக்கும். மோதலில் தண்ணீர் கொஞ்சம் முன்னோக்கியும் உதைபடும், பெரிய துளியும் சின்னத் துளியும் ஒரே மாதிரி பறக்காது, அதெல்லாம் சரி. ஆனாலும் முன்முனையிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் பெரும்பகுதி விழும். மகள் உட்காரும் இடம் சரியாக அதுதான்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணால் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் பஞ்சுகளை ஒரே அளவாக வெட்டி, படகில் பல இடங்களில் கயிற்றால் கட்டினோம்: முன்தளத்தின் நடுவில், பாய்மரத்தின் அடியில், இரண்டு பக்க விளிம்புகளிலும், மூவரும் உட்காரும் இடங்களில், சுக்கானுக்குப் பக்கத்தில். ஒரே கோணத்தில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, சமையலறைத் தராசில் எடை பார்த்தோம். செலவே இல்லாத சோதனை, ஆனால் வாய்ச் சண்டையை உடனே நிறுத்தும், ஏனென்றால் அதுவரை அம்மா பக்கவாட்டிலிருந்து வருகிறது என்பார், அப்பா முன்னாலிருந்து என்பார். கூடவே, இன்னொரு படகில் பக்கத்தில் போய் மொபைலில் மெதுவேக வீடியோ எடுத்தேன்.

வந்து விழுவது ஒரே தண்ணீர் இல்லை, மூன்று வகை என்று அப்போது தெரிந்தது. முதல் வகை, முன்முனையின் காற்றுப் பக்கத்தில் உடலோடு ஒட்டி மேலேறும் தண்ணீர்த் தகடு. அது விளிம்பைத் தாண்டியதும் காற்று அதைக் கிழித்துத் துளியாக்கி நேராக மகள் மேல் போடுகிறது. எடையில் பெரும்பங்கு இதுதான். இரண்டாவது, முன்முனை அமிழும்போது முன்தளத்தின் மேல் ஏறி, தளத்தோடு ஓடி, அதன் பின் விளிம்பிலிருந்து உள்ளே கொட்டும் தண்ணீர். இது பறப்பதே இல்லை, உட்காருமிடத்தை நனைக்கும், காலை நனைக்கும். மூன்றாவது, குறுக்கே வரும் அலை படகின் நடுப்பக்கத்தில் அறைந்து எழும்புவது. அடிக்கடி வராது, வந்தால் வாளியால் ஊற்றின மாதிரி, அம்மா சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் கவனித்தோம். வலப்பக்கம் காற்று வாங்கி ஓடும்போது பஞ்சுகள் கனத்தன, இடப்பக்கம் வாங்கி ஓடும்போது ஏறக்குறைய பாதிதான். அன்று காற்று காலையிலிருந்து திரும்பியிருந்தது, அலை பழைய காற்றின் திசையிலேயே வந்துகொண்டிருந்தது. ஒரு ஓட்டத்தில் அலை நேர் எதிரே மோதும், மற்றதில் சாய்வாக வரும். அதனால் ஒரு நாள் ஒரு பக்க ஓட்டத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக்கூடாது, இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, சிகிச்சை. காசு வேண்டாதவற்றிலிருந்து ஆரம்பித்தோம்.

முன்தளத்தின் அடியில் நங்கூரம், அதன் சங்கிலி, இரண்டு கேன் தண்ணீர், ஒரு கருவிப்பெட்டி. எல்லாவற்றையும் படகின் நடுவுக்குக் கொண்டுவந்து கட்டினோம். சின்னப் படகில் இருபது கிலோவை முன்முனையிலிருந்து எடுப்பது கண்ணுக்குத் தெரியும், முன்முனை அலையில் மூழ்காமல் எழும்புகிறது. மகளையும் ஒரு முழம் பின்னால் நகர்த்தினோம். ஆனால் இதில் அளவு மீறக்கூடாது. எல்லோரும் பின்னால் குவிந்தால் பின்பகுதி தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், வேகம் செத்துவிடும்.

அடுத்து பாய். நண்பர் கெத்துக்காக முழுப்பாயோடு சாய்ந்து சாய்ந்து ஓட்டுகிறவர். பாயைச் சுருக்கினால் வேகம் குறையும் என்பது அவர் கட்சி. இந்தப் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் அதன் நீளம், 5 மீட்டர், அந்த நீளத்துக்கு இயல்பான உச்ச வேகம் சுமார் ஐந்தரை நாட். அதற்கு மேல் தள்ளினால் பெரும்பாலும் அலை எழுப்பவும் தண்ணீர் தெறிக்கவும்தான் அந்தச் சக்தி போகிறது. ஒரு மடிப்பு சுருக்கியதும் சாய்வு குறைந்தது, வேகத்தில் சொல்லும்படி இழப்பு இல்லை, பஞ்சு எடை இறங்கியது. கோணமும் அப்படித்தான். 45 டிகிரியில் இறுக்கிப்பிடித்து ஏறுவதற்குப் பதில் 50 டிகிரிக்கு விட்டுக்கொடுத்தால், எதிர்க்காற்றில் முன்னேற்றம் குறையாமல் இருக்க வேகம் 10 சதவீதம் கூடினால் போதும். குட்டை அலையில் ஒவ்வொரு மோதலுக்கும் படகு நின்று நின்று போகிறது என்பதால் அந்தப் பத்து பெரும்பாலும் கிடைத்துவிடும். மோதலும் சாய்வாகும். பெரிய அலை வருவது தெரிந்தால் ஒரு கணம் பாயைத் தளர்த்தி வேகத்தைக் கொன்றுவிட்டுக் கடப்பது இன்னொரு பழக்கம், இதை அம்மா சீக்கிரம் கற்றுக்கொண்டார், அப்பாவுக்கு இன்னும் கை வரவில்லை.

இதெல்லாம் சேர்ந்து நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது, ஆனால் முதல் வகைத் தண்ணீர் அப்படியே இருந்தது. இந்தப் படகின் முன்பகுதி ஏறக்குறைய செங்குத்து, மேலே போகப்போக வெளியே விரிவதே இல்லை. விரிந்த முன்பகுதி தண்ணீரை வெளியே திருப்பிவிடும், இது விளிம்பு வரை ஏணி போட்டுக் கொடுக்கிறது. படகை மாற்ற முடியாது, ஆனால் ஏணியை நடுவில் வெட்டலாம். அதற்குத்தான் தெறிப்புச் சட்டம்: முன்முனையிலிருந்து பின்னோக்கி உடலின் வெளிப்பக்கம் ஒட்டும் ஒரு மரச்சட்டம். குறுக்கே வெட்டினால் முக்கோணம்.

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நுணுக்கம் எல்லாம் இதில்தான். அகலம் 3 செ.மீ., நீளம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீடியோவைப் பார்த்து, தண்ணீர்த் தகடு எந்த உயரத்தில் கெட்டியாக இருக்கிறதோ அங்கே வைத்தோம். முன்முனையில் நீர்க்கோட்டுக்கு மேல் ஒரு சாண், பின்னால் போகப்போகக் கொஞ்சம் இறக்கம். அதைவிடத் தாழ வைத்தால் எந்நேரமும் தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும், ஒவ்வொரு அலையிலும் டப் டப் என்று அறையும். மிக உயரே வைத்தால் தண்ணீர் அங்கே பிரிந்தாலும் காற்று தூக்கிக்கொண்டு வந்துவிடும். தாழப் பிரிந்த துளி காற்றில் பின்னால் வந்தாலும் விளிம்பைத் தாண்டி ஏற நேரம் இருக்காது, படகின் பக்கத்தில் பட்டு வழிந்துவிடும். அதுதான் இதன் மொத்தச் சூட்சுமம்.

சட்டத்தின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் போதும் என்றுதான் பலர் செய்கிறார்கள். ஆனால் பாய்மரப் படகு சாயும். 20 டிகிரி சாய்ந்தால், காற்றுப் பக்கச் சட்டத்தின் வெளிவிளிம்பு அந்த 20 டிகிரி மேலே தூக்கிக்கொள்ளும், தண்ணீரை வெளியே திருப்ப வேண்டிய சட்டம் மேலே வீசிவிடும். அதனால் அடிப்பக்கத்தை வெளிநோக்கிப் போகப்போகக் கீழே சரிவாக, சுமார் 15 டிகிரி, இழைத்தோம். பாயைச் சுருக்கிச் சாய்வைக் குறைப்பதும் சட்டமும் ஒன்றுக்கொன்று துணை என்பது இங்கே தெரிந்தது. முழுப்பாயில் சாய்ந்து ஓடும்போது சட்டம் பாதிதான் வேலை செய்தது.

வெளிவிளிம்பு கூராக இருக்க வேண்டும். வளைந்த பரப்பில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு சுற்றிவரும், கூரான விளிம்பில்தான் பிய்த்துக்கொண்டு போகும். முதலில் இரட்டைப்பக்கப் பசை நாடாவால் தற்காலிகமாக ஒட்டிப் பார்த்தபோது அருமையாக வேலை செய்த சட்டம், நிரந்தரமாக எப்பாக்ஸி போட்டு ஒட்டி வர்ணம் அடித்த பிறகு மந்தமானது. பார்த்தால், வர்ணம் நன்றாக நிற்கட்டும் என்று நண்பர் விளிம்பை உப்புத்தாள் போட்டு அழகாக உருட்டியிருந்தார். அலுமினிய எல் பட்டை ஒன்றை விளிம்போடு பொருத்தியதும் பழையபடி ஆனது. பார்க்க அவ்வளவு அழகில்லை. மகள் இருந்த இடத்துப் பஞ்சு முன்பு பிழிந்தால் கொட்டும், இப்போது அழுத்தினால் கை ஈரமாகும், அந்த அளவு வித்தியாசம்.

தளத்தின் மேல் ஓடிவரும் இரண்டாவது வகைக்கு வைத்தியம் சுலபம். முன்தளத்தில், பாய்மரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கூர்முனை முன்னோக்கி இருக்கும்படி வி வடிவத்தில் 8 செ.மீ. உயரப் பலகை. தண்ணீர் அதில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து வெளியே ஓடிவிடும். குறுக்கே நேராக வைத்தால் தண்ணீர் மோதி மேலே எழும்பும், அதைத் திரும்பக் காற்று தூக்கும். நங்கூரக் கயிறு மாட்டாத மாதிரி விளிம்பைத் தேய்த்துவிட்டால் போதும், இங்கே உருட்டலாம்.

அப்புறம் ஹூட். குழந்தை வண்டியின் மடக்குக் கூரை போல, பாய்மரத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, வேண்டாதபோது மடங்கிப் படுத்துக்கொள்ளும் துணி மறைப்பு. இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1960இல் நடந்த முதல் அட்லாண்டிக் தனியாள் படகுப் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர் தன் ஜெஸ்டர் படகில் 48 நாளில் கடந்து இரண்டாவதாக வந்தார். ஏழரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய ஃபோக்போட் வகைப் படகு அது. திறந்த உட்காருமிடத்தையே எடுத்துவிட்டு, சுழலும் வட்ட ஹூட் ஒன்றை வைத்து, பாய்க்கயிறுகளை அங்கிருந்தே கையாளும்படி செய்திருந்தார். நனையாமல் இருப்பதைச் சொகுசாக அவர் நினைக்கவில்லை, களைப்பு வராமல் இருப்பதற்கான ஏற்பாடாக நினைத்தார் என்றுதான் அந்தப் படகைப் பார்த்தால் எனக்குத் தோன்றும்.

நம் படகில் முதலில் பிவிசி குழாயும் பழைய தார்ப்பாயும் வைத்து மாதிரி செய்தோம். இது இல்லாமல் நேராகத் துணி வெட்டப் போகாதீர்கள். நண்பர் மனதில் இருந்தது உயரமான, சுக்கான் வரை நீளும் கூரை. மாதிரியை வைத்து ஓட்டியதும் மூன்று பிரச்சினை தெரிந்தது. பூம், அதாவது பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கழி, இடித்தது, அதுவும் பாயைச் சுருக்கியதும் பூமின் பின்முனை இன்னும் தொங்கும். எதிர்க்காற்றில் ஏறும் திறன் குறைந்தது. முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. 1972ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் சரியான கண்காணிப்பு வேண்டும் என்கிறது. தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தால் ஆகாதா என்றால், அதில் உப்புத்தண்ணீர் காய்ந்து, எதிரே வெயிலும் விழுந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஹூட்டின் மேல் விளிம்பு, உட்கார்ந்திருக்கும் சுக்கான்காரரின் கண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே. ஜன்னல் கூடுதல் வசதிதான்.

உயரத்தைக் குறைத்ததில் மறைப்பு பெரிதாகக் குறையவில்லை. பறக்கும் துளி பாய்மரத்தைத் தாண்டும்போது இறங்கத் தொடங்கியிருக்கும், அங்கேயே நிற்கும் தாழ்ந்த மறைப்பு அதைப் பிடித்துவிடும். பின்னால் தள்ளி, ஆளுக்கு நேர் முன்னால் உயரமாக நிற்கும் மறைப்பு அதைவிட அதிகமாகப் பிடிக்காது, காற்றை மட்டும் அதிகமாகப் பிடிக்கும். கடைசியில் 22 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் இரண்டு வளைவுகள், அக்ரிலிக் துணி, பாலியெஸ்டர் நூல் தையல். பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறான கிக்கிங் ஸ்ட்ராப் போக முன்பக்க நடுவில் ஒரு வெட்டு, அதன் மேல் மடிப்பு. தையல் துளைகளுக்கு மெழுகு தடவ வேண்டும், இல்லையென்றால் துணி தாங்கும், தையல் ஒழுகும். 1916இல் அண்டார்டிக் பயணி ஷாக்கிள்டன் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குப் போன ஜேம்ஸ் கெயர்ட் படகுக்குத் தச்சர் மெக்னிஷ் கான்வாஸ் தளம் போட்டுக்கொடுத்தார். அது இல்லாமல் அந்தக் கடலைக் கடந்திருக்கவே முடியாது, ஆனால் அதன் வழியே ஒழுகிய தண்ணீர் உள்ளே இருந்தவர்களை நனைத்துக்கொண்டேதான் இருந்தது.

திறந்த படகில் ஹூட் வைக்கும்போது கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஆழமில்லாத, அமைதியான தண்ணீரில், உயிர்க்காப்பு உடை போட்டுக்கொண்டு, ஹூட் நிமிர்ந்திருக்கும்போதே, படகை வேண்டுமென்றே பக்கவாட்டில் படுக்க வைத்தோம். ஹூட் ஒரு பையாகத் தண்ணீரை அள்ளிக்கொண்டது, படகை நிமிர்த்த அதன் எடை தடையாக இருந்தது. அதனால் பின்விளிம்பை இழுக்கும் கயிறுகளை முடிச்சிலிருந்து ஒரே இழுப்பில் கழலும் கொக்கிகளுக்கு மாற்றினோம். அதன் அடியில் யாரும் தங்களைக் கட்டிக்கொள்ளக்கூடாது என்பதும் விதி.

மூன்றாவது வகைக்குப் பக்கவாட்டுத் துணி கட்டிப் பார்த்து அவிழ்த்துவிட்டோம். படகைச் சமன்படுத்த விளிம்பில் ஏறி உட்காரும் வகைப் படகில் அது காலுக்கும் கயிறுக்கும் இடைஞ்சல், உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவும் விடாது. அந்த எப்போதாவது வரும் வாளித் தண்ணீரை வாங்கிக்கொள்வது என்று முடிவு.

இதன் பிறகுதான் உடை. மீதி வரும் தண்ணீர் கழுத்து, மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே போகும், அதனால் கோட்டின் மேல்துணியைவிட அந்த இரண்டு இடத்து இறுக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பாய்க்கயிறு இழுக்கும்போது கை மேலே போகும், தண்ணீர் முழங்கைக்கு ஓடும். உள்ளே பருத்தி வேண்டாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி அதைத்தான் செய்யும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. கடல்தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டுப் பயனில்லை. லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு, அது துணியிலேயே தங்கும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும், கடலுப்பில் இருக்கும் மக்னீசிய உப்பு அதற்கு வெகு முன்பே. மாலையானதும் காய்ந்த சட்டை தானாகப் பிசுபிசுப்பது அதனால்தான். ஹூட்டின் பிளாஸ்டிக் ஜன்னலையும் துடைப்பதற்கு முன் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்புப் படிகம் கீறிவிடும்.

இப்போது நிலைமை: மகள் வருகிறாள், ஹூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாதி நேரம் மொபைல் பார்க்கிறாள். அம்மா எப்போதாவது ஒரு பக்க அலையில் நனைகிறார். சுக்கான்காரர் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நனைகிறார், ஹூட்டின் விளிம்பில் பட்டு எழும்பும் துளி அவர் முகத்துக்குப் போகிறது. விளிம்பில் சின்னதாக முன்னோக்கி ஒரு உதடு தைத்தால் குறையும், தைக்கவேண்டும். 15 நாட் வேகத்துக்கு மேல் காற்று வந்து நேர் எதிரே ஏறவேண்டிய நாளில் ஹூட்டால் படகு மந்தமாகிறது, அப்போது மடக்கிவிட்டு எல்லோரும் நனைகிறார்கள்.

நாலரை மீட்டருக்குக் குறைந்த படகு என்றால் ஹூட் பற்றி யோசிக்கவே வேண்டாம், இடமும் இல்லை, கவிழும் வாய்ப்பும் அதிகம். சட்டத்தை மட்டும் ஒட்டுங்கள், முன்னால் இருக்கும் கனத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பாயைச் சீக்கிரம் சுருக்குங்கள், மீதியைக் கோட்டு பார்த்துக்கொள்ளட்டும்.